தனித்தனியாக வரி தாக்கல் செய்யும் தம்பதிகள்: கல்விக் கடன் வட்டியை மாநில வரியில் கழிக்க முடியுமா?

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, வர்ஜீனியாவின் ஆஷ்பர்னில் ஒரு நண்பர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவர்களுடைய வரிக் காகிதங்களைப் பிரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி பெயரில் கல்விக் கடன். கடன் நிறுவனம் அனுப்பிய 1098-ஈ படிவத்தின் முதல் கட்டத்தில் 4,057 டாலர் வட்டி என்று அச்சாகியிருந்தது. வருமானத்தைப் பொறுத்து அமையும் கடனின் மாதத் தவணையைக் குறைப்பதற்காக இந்த முறை இருவரும் தனித்தனியாகத் தாக்கல் செய்யலாம் என்று யோசித்திருந்தார்கள். நண்பர் அந்த வட்டியை மென்பொருளில் சரியாகத்தான் பதிந்திருந்தார். ஃபெடரல் பக்கத்தில் கழிவு 0 என்று வந்தது. மாநிலப் பக்கத்திலும் 0. "ஃபெடரல் கொடுக்காவிட்டால் போகட்டும், மாநிலமாவது கொடுக்காதா?" என்று கேட்டார்.

இதே கேள்வியை வேறு பலரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பதில் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. ஆனால் அதைக் கண்டுபிடிக்கும் வழி எல்லோருக்கும் ஒன்றுதான். அதை 2025-ஆம் ஆண்டு வருமானத்துக்கு, அதாவது 2026 ஏப்ரல் 15-க்குள் தாக்கல் செய்ய வேண்டிய கணக்குக்குப் பொருத்தி எழுதுகிறேன்.

முதலில் கடன் பத்திரத்தை எடுங்கள்

வரிப் படிவத்தைத் தொடுவதற்கு முன்னால், கடன் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். கடனைக் கட்ட வேண்டிய சட்டப்படியான பொறுப்பு யாருக்கு இருக்கிறதோ அவர்தான் வட்டியைக் கழிக்கலாம். கடன் உங்களுக்காகவோ, உங்கள் கணவன் அல்லது மனைவிக்காகவோ, உங்களைச் சார்ந்திருந்த பிள்ளைக்காகவோ வாங்கியதாக இருக்க வேண்டும். படித்தவர் குறைந்தது அரைநேர மாணவராகவாவது சேர்ந்திருக்க வேண்டும். கடன் பணம் முழுவதும் படிப்புச் செலவுக்கே போயிருக்க வேண்டும். உறவினரிடம் வாங்கிய கைமாற்றுக்கு வட்டி கொடுத்திருந்தாலும் அது கணக்கில் வராது.

நம்மவர்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. முதுநிலைப் படிப்புக்காக அமெரிக்கா வந்த பலர் இந்திய வங்கியில் கல்விக் கடன் வாங்கியிருப்பார்கள். அமெரிக்கக் கல்வித் துறையின் உதவித் திட்டங்களில் பங்கேற்கத் தகுதியுள்ள பல்கலைக்கழகத்தில் படித்து, கடனும் படிப்புக்காக மட்டுமே வாங்கப்பட்டிருந்தால், கடன் கொடுத்தது இந்திய வங்கி என்பதற்காக மட்டும் கழிவு மறுக்கப்படுவதில்லை. ஆனால் அந்த வங்கி 1098-ஈ அனுப்பாது. ஆண்டு முழுவதும் கட்டிய வட்டிக்கு வங்கியிடம் சான்றிதழ் வாங்கி, ரூபாயை டாலராக மாற்றிய கணக்கையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். கடன் உங்கள் பெயரில் இருந்து, ஊரிலிருந்து அப்பா தவணை கட்டினால், அவர் உங்களுக்குப் பணத்தைக் கொடுத்து நீங்கள் கட்டியதாகவே கொள்ளப்படும். அப்பா தன் பெயரில் மட்டும் வீட்டை அடமானம் வைத்து வாங்கிய கடன் என்றால், நீங்கள் மாதாமாதம் பணம் அனுப்பினாலும் அந்த வட்டி உங்களுடையது ஆகாது. இந்த ஒரு வேறுபாட்டைக் கவனிக்காமல் கழித்துவிட்டு, பிறகு விளக்கக் கடிதம் எழுத நேர்ந்தவர்களை எனக்குத் தெரியும்.

கட்டிய வட்டி 600 டாலருக்குக் குறைவாக இருந்தால் அமெரிக்க நிறுவனங்களும் படிவம் அனுப்ப வேண்டிய கட்டாயம் இல்லை. அப்போதும் கழிவு உண்டு. நிறுவனத்தின் இணையக் கணக்கில் நுழைந்தால் தொகை தெரியும். உங்கள் கடனில் ஒரு பகுதியை வேலை கொடுத்த நிறுவனமே வரியில்லாத சலுகையாகக் கட்டியிருந்தால் (ஆண்டுக்கு 5,250 டாலர் வரை அப்படிக் கட்டலாம்), அந்தப் பகுதியின் வட்டியை நீங்கள் மறுபடி கழிக்கக் கூடாது.

ஃபெடரல் விதி: கதவு மூடும் இடம்

வருமான வரிச் சட்டத்தின் 221-ஆம் பிரிவு ஆண்டுக்கு அதிகபட்சம் 2,500 டாலர் வட்டியைக் கழிக்க விடுகிறது. இது 1040 படிவத்தின் ஷெட்யூல் 1-இல், 21-ஆம் வரியில் வரும். செலவுகளைப் பட்டியலிடாமல் நிலையான கழிவை எடுப்பவர்களும் இதைச் சேர்த்து எடுக்கலாம். 2025-இல் தனிநபருக்கு 85,000 டாலர் வருமானத்திலிருந்து இது குறையத் தொடங்கி 1,00,000-இல் முற்றிலும் மறைகிறது. சேர்ந்து தாக்கல் செய்யும் தம்பதிக்கு அந்த எல்லைகள் 1,70,000 டாலரும் 2,00,000 டாலரும்.

அதே பிரிவில் இன்னொரு வரி இருக்கிறது: திருமணமானவர்கள் சேர்ந்து தாக்கல் செய்தால் மட்டுமே இந்தக் கழிவு. தனித்தனியாகத் தாக்கல் செய்தால் வருமானம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் 0 தான். நண்பரின் மென்பொருள் தவறு செய்யவில்லை.

ஒரு விதிவிலக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆண்டின் கடைசி ஆறு மாதமும் துணைவர் உங்கள் வீட்டில் வசிக்காமல், உங்கள் பிள்ளை பாதி ஆண்டுக்கு மேல் உங்களோடு இருந்து, வீட்டுச் செலவில் பாதிக்கு மேல் நீங்களே ஏற்றிருந்தால், சட்டம் உங்களைத் திருமணமாகாதவராகவே கருதும். அப்போது குடும்பத் தலைவர் என்ற தகுதியில் தாக்கல் செய்து வட்டியைக் கழிக்கலாம். பிரிந்து வாழ்பவர்களில் பலர் இது தெரியாமல் இந்தக் கழிவை விட்டுவிடுகிறார்கள்.

துணைவர் சென்னையிலோ மதுரையிலோ இருக்கிறார், அமெரிக்காவுக்கு இன்னும் வரவில்லை என்றாலும் தனித்தனியாகத்தான் தாக்கல் செய்ய வேண்டும் என்பதில்லை. நீங்கள் அமெரிக்க வரிச் சட்டப்படி இங்கே வசிப்பவர் என்றால், அவரையும் வசிப்பவராகக் கருதும்படி இருவரும் கையொப்பமிட்டு ஒரு தேர்வைத் தெரிவித்துச் சேர்ந்து தாக்கல் செய்யலாம். அவருக்கு டபிள்யூ-7 படிவம் மூலம் வரி அடையாள எண் வாங்க வேண்டும். அவருடைய இந்திய வருமானமும் இங்கே கணக்கில் சேரும். வாடகை, வைப்புநிதி வட்டி என்று பெரிய தொகை இருந்தால் முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மாநிலப் படிவத்தின் முதல் எண்

இனி மாநிலம். உங்கள் மாநிலப் படிவத்தில் வருமானம் எந்த எண்ணில் தொடங்குகிறது என்று பாருங்கள். வர்ஜீனியாவின் 760 படிவத்தில் முதல் வரியே ஃபெடரல் கணக்கின் சரிக்கட்டிய மொத்த வருமானம். எல்லோரும் ஏ.ஜி.ஐ. என்று சொல்வது அதைத்தான். கல்விக் கடன் வட்டி அந்த எண் உருவாகும்போதே கழிந்திருக்கும், அல்லது கழியாமல் இருக்கும். மாநிலம் அதை அப்படியே வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் மாநிலப் படிவத்தில் "கல்விக் கடன் வட்டி" என்று தனி வரியைத் தேடினால் பெரும்பாலும் கிடைப்பதில்லை. வர்ஜீனியா, மேரிலாந்து, நியூயார்க், இல்லினாய், ஜார்ஜியா, வட கரோலினா எல்லாம் இந்த எண்ணிலிருந்து தொடங்குபவை. ஃபெடரலில் தனித்தனியாகத் தாக்கல் செய்துவிட்டால் இங்கே வட்டிக் கழிவும் போய்விடும். ஆஷ்பர்ன் நண்பருக்கான பதில் இதுதான்.

டெக்ஸாஸ், ஃபுளோரிடா, வாஷிங்டன், டென்னசி, நெவாடா போன்ற மாநிலங்களில் சம்பளத்துக்கு மாநில வருமான வரியே இல்லை. அங்கே இருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

பென்சில்வேனியாவும் நியூஜெர்சியும் ஃபெடரல் எண்ணைப் பார்ப்பதில்லை, தங்கள் சொந்த வரையறையில் வருமானத்தைக் கூட்டுகின்றன. பென்சில்வேனியாவில் சேர்ந்து தாக்கல் செய்தாலும் இந்த வட்டிக்குக் கழிவு கிடையாது. நியூஜெர்சியின் எடிசனில் இருப்பவர்களுக்கும் பொதுவான வட்டிக் கழிவு இல்லை. ஆனால் என்.ஜே.கிளாஸ் என்ற மாநிலக் கடன் வாங்கியிருந்து மொத்த வருமானம் 2,00,000 டாலருக்குள் இருந்தால், அசலும் வட்டியுமாகக் கட்டியதில் 2,500 டாலர் வரை கழிக்க 2022 முதல் வழி இருக்கிறது.

ஃபெடரலில் சேர்ந்து, மாநிலத்தில் தனியாக

குழப்பம் மிகுந்த இடம் இது. சில மாநிலங்கள் ஃபெடரலில் சேர்ந்து தாக்கல் செய்தவர்களைக்கூட மாநில வரியில் தனித்தனியாகக் கணக்கிட விடுகின்றன. அதுவும் ஒரே படிவத்தில், இரண்டு பத்திகளில். வாஷிங்டன் டி.சி., டெலவேர் இரண்டிலும் இந்த ஏற்பாடு உண்டு. மிசௌரியில் தம்பதி ஒரே படிவத்தில் ஆளுக்கொரு பத்தியில்தான் வருமானத்தைக் காட்டுகிறார்கள். இங்கெல்லாம் ஃபெடரல் கழிவு ஏற்கெனவே பிழைத்துக்கொண்டது. மிச்சமிருக்கும் வேலை, அதை யார் பத்தியில் போடுவது என்பதுதான்.

டி.சி.யை எடுத்துக்கொள்வோம். டி-40 படிவத்தில் "ஒரே படிவத்தில் தனித்தனியாக" என்ற தகுதியைத் தேர்ந்தெடுத்தால், ஷெட்யூல் எஸ்-இல் உள்ள கணக்கீடு ஜே என்ற அட்டவணையில் இருவரின் வருமானத்தையும் பிரித்து எழுத வேண்டும். டி.சி.யில் தனிநபருக்கும் தம்பதிக்கும் ஒரே வரிப் படிகள்: முதல் 10,000 டாலருக்கு 4 சதவீதம், 40,000 வரை 6, 60,000 வரை 6.5, அதற்கு மேல் 2,50,000 வரை 8.5. இருவருக்கும் வரிக்குரிய வருமானம் தலா 60,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சேர்த்துக் கணக்கிட்டால் வரி 8,600 டாலர். பிரித்துக் கணக்கிட்டால் ஆளுக்கு 3,500, மொத்தம் 7,000. 1,600 டாலர் மிச்சம். வட்டிக் கழிவினால் டி.சி.யில் மிஞ்சக்கூடியது அதிகபட்சம் 212 டாலர் 50 சென்ட். எது பெரியது என்று பார்த்து அதற்கு முதலில் நேரம் கொடுங்கள்.

பிரிக்கும்போது, கடன் யார் பெயரில் இருந்து யார் கட்டினாரோ அவருடைய பத்தியிலேயே வட்டியைப் போடுங்கள். அதிக வரி கட்டுபவரின் பத்திக்கு நகர்த்தினால் சில டாலர் குறையும் என்ற ஆசை வேண்டாம். இரண்டு பத்திகளையும் கூட்டினால் ஃபெடரல் ஏ.ஜி.ஐ. அப்படியே வர வேண்டும். வராவிட்டால் எங்கோ ஒரு கழிவு விடுபட்டிருக்கிறது, பெரும்பாலும் இதே வட்டிதான்.

ஏன் விடுபடுகிறது? மாநிலத்துக்குத் தனிக் கணக்கு வேண்டும் என்றால், பல மென்பொருள்களில் ஃபெடரலிலும் தனித்தனியாகத் தாக்கல் செய்வது போல ஒரு மாதிரிக் கணக்கை உருவாக்கச் சொல்வார்கள். அந்த மாதிரிக் கணக்கில் 221-ஆம் பிரிவு குறுக்கே வந்து வட்டியை 0 ஆக்கிவிடும். நீங்கள் உண்மையில் ஃபெடரலில் சேர்ந்துதான் தாக்கல் செய்தீர்கள் என்பது மென்பொருளுக்கு நினைவிருக்காது. ஆகவே வருமானத்தை எப்படிப் பிரித்து எழுத வேண்டும் என்று மாநிலக் கையேடு சொல்லும் வாசகத்தைத் தேடிப் படியுங்கள். சேர்த்துத் தாக்கல் செய்த கணக்கின் வருமானத்தை இருவருக்கும் பிரித்து எழுதச் சொன்னால், வட்டிக் கழிவையும் பிரித்துச் சேர்க்க வேண்டும், மென்பொருளின் 0-வைக் கையால் திருத்த வேண்டும். ஃபெடரலில் தனியாகத் தாக்கல் செய்திருந்தால் என்ன வந்திருக்குமோ அதை எழுதச் சொன்னால், அந்த 0 சரி. ஒரு வாக்கியத்தின் வேறுபாடுதான், ஆனால் கழிவு கிடைப்பதும் கிடைக்காததும் அதில்தான் இருக்கிறது.

தனியாகக் கைகொடுக்கும் மாநிலங்கள்

ஃபெடரல் கழிவைச் சாராமல் சொந்தச் சலுகை வைத்திருக்கும் மாநிலங்கள் சில உண்டு. தனித்தனியாகத் தாக்கல் செய்பவர்கள் முதலில் தட்ட வேண்டிய கதவுகள் இவை.

மாசசூசெட்ஸில் இளநிலைப் படிப்புக் கடனின் வட்டிக்குத் தனிக் கழிவு இருக்கிறது. 2,500 டாலர் என்ற உச்சவரம்பு அதற்கு இல்லை. கல்லூரியின் நிதியுதவி அலுவலகம் வழியாக வந்த கடனாக இருக்க வேண்டும். முதுநிலைப் படிப்புக்காக இங்கே வந்தவர்களுக்கு இது பயன்படாது. இங்கேயே பிறந்து வளர்ந்து இளநிலை முடித்த துணைவர் இருந்தால் அவருக்குப் பொருந்தலாம்.

மெய்ன் மாநிலத்தில் கல்விக் கடன் திருப்பிச் செலுத்தியதற்கு ஆண்டுக்கு 2,500 டாலர் வரை, வாழ்நாளில் 25,000 டாலர் வரை வரி வரவு (வரியிலிருந்தே நேராகக் குறையும் தொகை) கிடைக்கிறது. கட்ட வேண்டிய வரியைவிட வரவு அதிகமானால் மிச்சத்தைப் பணமாகவே தருவார்கள். மினசோட்டாவில் எம்1எஸ்எல்சி என்ற ஷெட்யூல் வழியாக ஒருவருக்கு 500 டாலர் வரை வரவு உண்டு. அங்கே வட்டி மட்டுமல்ல, நீங்கள் கட்டிய தவணைத் தொகையும் கணக்கில் வருகிறது. மேரிலாந்திலும் இப்படி ஒரு வரவு உண்டு, ஆனால் அதற்கு வரிப் படிவத்தை நிரப்பினால் மட்டும் போதாது. குறைந்தது 20,000 டாலர் கல்விக் கடன் வாங்கி, இன்னும் 5,000 டாலருக்குக் குறையாமல் பாக்கி இருப்பவர்கள், மாநில உயர்கல்வி ஆணையத்துக்குச் செப்டம்பர் 15-க்குள் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஏப்ரலில் வரி நினைவு வரும், செப்டம்பரில் வராது. அதனால் இந்தத் தேதியை இன்றே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.

தனியாகத் தாக்கல் செய்வதால் லாபமா?

மாநிலக் கழிவு எவ்வளவு மதிப்புள்ளது என்பதை எண்ணில் பார்த்தால்தான் மனம் தெளியும். வர்ஜீனியாவின் உச்ச விகிதம் 5.75 சதவீதம். 2,500 டாலர் கழிவு அங்கே மிச்சப்படுத்துவது 143 டாலர் 75 சென்ட். அதற்காக மட்டும் சேர்ந்தா தனித்தா என்று முடிவெடுக்கக் கூடாது.

ஆஷ்பர்ன் தம்பதியின் கணக்கு இது. மனைவி சம்பளம் 60,000, கணவர் 95,000. பிள்ளைகள் இல்லை, வேறு வருமானம் இல்லை. மனைவியின் ஃபெடரல் கடன் 70,000 டாலர், வட்டி 6 சதவீதம். சேர்ந்து தாக்கல் செய்து வட்டியையும் கழித்தால் 2025-க்கு ஃபெடரல் வரி 16,448 டாலர். தனித்தனியாகத் தாக்கல் செய்தால் கணவருக்கு 12,349, மனைவிக்கு 5,071 டாலர் 50 சென்ட். கூடுதல் செலவு 972 டாலர் 50 சென்ட். அதில் 550 டாலர் வட்டிக் கழிவு போனதால் வந்தது. மீதி, மனைவியின் குறைந்த வரிப்படியைக் கணவர் பயன்படுத்த முடியாமல் போனதால் வந்தது. மாநிலத்தின் 143.75-ஐயும் சேர்த்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,116 டாலர் இழப்பு.

அந்தப் பக்கம் கடன் தவணை. மனைவி 2014 ஜூலைக்குப் பிறகு கடன் வாங்கியவர் என்பதால், வருமானத்துக்கேற்ற ஐ.பி.ஆர். திட்டத்தில் வறுமைக்கோட்டின் ஒன்றரை மடங்குக்கு மேற்பட்ட வருமானத்தில் 10 சதவீதம் கட்ட வேண்டும். சேர்ந்து தாக்கல் செய்தால் கணவர் சம்பளமும் அந்தக் கணக்கில் ஏறும். தொகை 1,000 டாலரைத் தாண்டிவிடும். பத்தாண்டுத் திட்டத்தின் தவணைக்கு மேல் போகக் கூடாது என்ற விதியால் மாதம் 777 டாலரில் நிற்கும். தனியாகத் தாக்கல் செய்தால் மனைவியின் வருமானம் மட்டும்தான். தவணை 304 டாலர் அல்லது அதற்கும் கீழே இறங்கும். ஆண்டுக்கு 5,600 டாலருக்கு மேல் கையில் மிஞ்சும்.

மிஞ்சுவது உண்மையான லாபம்தானா என்பதற்குக் கடன் எப்படி முடியப் போகிறது என்று பார்க்க வேண்டும். இந்தக் கடனுக்கு மாதம் 350 டாலர் வட்டி ஏறுகிறது. 304 டாலர் கட்டினால் வட்டிகூடத் தீராது. கடனை முழுவதும் நீங்களே அடைக்கப் போகிறீர்கள் என்றால், இன்று குறைத்துக் கட்டுவது பாரத்தை நாளைக்குத் தள்ளுவதுதான். அதற்கு மேல் 1,116 டாலர் வரியும் போகிறது. இப்படிப்பட்டவர்கள் சேர்ந்தே தாக்கல் செய்வது நல்லது. மாறாக, அரசு அலுவலகத்திலோ இலாப நோக்கற்ற நிறுவனத்திலோ வேலை பார்த்து, 120 தவணைகளுக்குப் பிறகு மீதிக் கடன் தள்ளுபடி ஆகும் திட்டத்தில் இருந்தால், ஒவ்வொரு தவணையும் எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது. 2026 ஜூலை 1 முதல் வரும் ஆர்.ஏ.பி. என்ற புதிய தவணைத் திட்டத்திலும் தனியாகத் தாக்கல் செய்பவருக்கு அவருடைய வருமானம் மட்டுமே பார்க்கப்படும்.

கலிஃபோர்னியா, டெக்ஸாஸ், வாஷிங்டன், அரிசோனா, நெவாடா, நியூ மெக்சிகோ, ஐடஹோ, லூசியானா, விஸ்கான்சின் ஆகிய ஒன்பது மாநிலங்களில் கணவன் மனைவி சம்பாதிப்பது இருவருக்கும் பொதுச் சொத்து. அங்கே தனித்தனியாகத் தாக்கல் செய்தாலும் இருவர் சம்பளத்தையும் கூட்டிப் பாதியாகப் பிரித்து, 8958 படிவத்தில் காட்ட வேண்டும். கடன் வாங்கியவருடைய சம்பளம் குறைவாக இருந்தால், இந்தப் பிரிப்பினால் அவருடைய ஏ.ஜி.ஐ. உயர்ந்து தவணையும் உயரும். அப்போது வரிக் கணக்குக்குப் பதில் சம்பளச் சீட்டை வைத்து வருமானத்தைக் காட்ட முடியுமா என்று கடன் நிறுவனத்திடம் கேளுங்கள்.

தேதி தவறினால் எந்தப் பக்கம் திரும்பலாம்

தனித்தனியாகத் தாக்கல் செய்தவர்கள் மூன்று ஆண்டுக்குள் 1040-எக்ஸ் படிவம் மூலம் சேர்ந்த கணக்காக மாற்றிக்கொள்ளலாம். சேர்ந்து தாக்கல் செய்தவர்கள் ஏப்ரல் 15 கடந்த பிறகு தனித்தனியாக மாற்ற முடியாது. ஆகவே இருவருக்கும் முடிவு தெளியவில்லை என்றால், தனித்தனியாகத் தாக்கல் செய்துவிட்டுப் பிறகு யோசிக்கலாம், திரும்பி வர வழி இருக்கும். ஃபெடரல் கணக்கைத் திருத்தினால் மாநிலக் கணக்கையும் திருத்தி அனுப்ப மறக்காதீர்கள். அப்படித் திருத்தும்போது, முன்பு 0 ஆக இருந்த வட்டிக் கழிவு ஏ.ஜி.ஐ. வழியாக மாநிலத்திலும் தானாகத் திரும்பி வரும்.

ஆஷ்பர்ன் மனைவி இலாப நோக்கற்ற மருத்துவமனை ஒன்றில் வேலை பார்க்கிறார். 120 தவணைகளில் அவருக்கு இன்னும் 108 பாக்கி. மேசையில் இருந்த காகிதத்தில் இரண்டு தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டு, இருவரும் தனித்தனியாகவே தாக்கல் செய்தார்கள். வர்ஜீனியாப் படிவத்தில் வட்டிக் கழிவு 0 என்றே இருக்கிறது. 1098-ஈ படிவத்தை மட்டும், மூன்று ஆண்டுத் திருத்தக் காலம் முடியும் தேதியை மேலே எழுதி, கோப்பில் வைத்திருக்கிறார்கள்.